வீடு பார்க்க வந்தவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வருஷமாக யோசித்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடிதமும் மளிகைச் சீட்டும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், நாலு பேர் படிப்பதற்கென்று எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. எங்களுக்கு ஒரு வீடு கிடைக்காமல் போனது, அவ்வளவுதான். அது யாரால் போனது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே ஓடும் அரசாங்க போட் ஒன்றில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தார். ஒரு தடவை கிளம்பினால் மாயாபந்தர், கார் நிக்கோபார் என்று சுற்றிவிட்டுத் திரும்ப எட்டு நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். வேலையில் சேர்ந்து முதல் ஐந்து வருஷம் அவர் தனியாகத்தான் இருந்தார். அம்மாவும் நானும் ராமநாதபுரம் பக்கத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்றால், பெரியம்மாவுக்குப் பிடித்த நாளில் இருந்தோம், பிடிக்காத நாளில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தோம். அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் அம்மா. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா லீவில் வந்தார். வேலை செய்து வெடித்துப்போயிருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். திரும்புகிற கப்பலுக்கு எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

போர்ட் பிளேரில் எங்களுக்குக் கிடைத்த இடம் மின்னி பேயில், சரிவில், ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகை. கொட்டகையைப் பாதியாகப் பிரித்து, நடுவில் பலகையும் பலகை எட்டாத இடத்தில் சாக்கும் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் மாடு, இந்தப் பக்கம் நாங்கள். மேலே துருப்பிடித்த தகரம். அந்த ஊரில் வருஷத்தில் ஏழு எட்டு மாதம் மழை. மழை வந்தால் மூன்று இடத்தில் பாத்திரம் வைப்போம், காற்றும் சேர்ந்து வந்தால் ஐந்து இடத்தில். வீட்டுக்காரர் பாட்டன் காலத்திலிருந்தே தீவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். ஹிந்திதான் பேசுவார். கெட்டவர் இல்லை. என்னை 'பேட்டி' என்று கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம்.

வாடகைக்கு இருக்கிற சிப்பந்திகளுக்கு அரசாங்கம் வாடகைப் படி என்று கொஞ்சம் கொடுக்கும். அதற்கு ரசீது வேண்டும். வீட்டுக்காரர் ரசீது தரமாட்டார். அது அரசாங்கம் அவர் குடும்பத்துக்குக் கொடுத்த நிலம், கொட்டகையை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கு வம்பு. அப்பா ரசீது இல்லாமலே மூன்று தடவை மனு போட்டார். மூன்று தடவையும் அது ரசீதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அதற்கப்புறம் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை, அரசாங்க வீட்டுக்குக் காத்திருப்பவர்களின் குவார்ட்டர்ஸ் லிஸ்ட்தான்.

வீடு ஒதுக்குகிற ஆபீசின் வராந்தாவில் கம்பிவலை போட்ட பலகையில் அந்த லிஸ்டை ஒட்டியிருப்பார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தடுமாறும். அதனால் போட் திரும்பிய மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு போவார். வலையில் மூக்கை வைத்து, மேலிருந்து கீழே விரலால் தேடி நான்தான் அவர் பெயரைக் கண்டுபிடிப்பேன். முதலில் நாற்பத்தொன்று. பிறகு முப்பத்தெட்டு. பிறகு முப்பத்தாறு. முப்பத்தைந்தை எதிர்பார்த்துப் போன நாளில் முப்பத்தொன்பது என்று இருந்தது.

"நல்லாப் பாரு தாயி," என்றார் அப்பா.

நல்லாப் பார்த்தேன். முப்பத்தொன்பதுதான். சர்வீஸ் அதிகமான மூன்று பேர் கார் நிக்கோபாரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார்கள் என்று உள்ளே சொன்னார்கள். "நம்மளவிட மூத்தவுகதான்," என்று அப்பா என்னிடம் சொன்னார், நான் அவரோடு சண்டைக்குப் போனதுபோல.

இன்னொரு விதியும் இருந்தது. குடும்பம் தீவில் இருந்தால்தான் குடும்ப லிஸ்டில் பெயர் இருக்கும். குடும்பம் மெயின்லேண்டுக்குப் போய்விட்டால் பெயரை எடுத்துவிட்டு, ஆளைத் தனியாட்கள் தங்கும் பேரக்குக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு வேண்டுமென்றால் குடும்பம் இங்கே இருக்கவேண்டும். குடும்பம் இங்கே இருக்க வீடு வேண்டும். இதற்கு நடுவில்தான் அந்த மாட்டுக் கொட்டகை இருந்தது.

நான் நாலாவது படிக்கிறபோது வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டே வெகுநேரம் மாட்டைப் பற்றிப் பேசினார். கடைசியில், தை மாதத்தில் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், கொட்டகையை இடித்துவிட்டு அங்கே அவனுக்கு அறை கட்டப்போவதாகவும் சொன்னார். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. வெற்றிலை மடிப்பதிலும் தம்பியைத் தூக்குவதிலும் இருந்தாள். நான்தான் அவளுக்குச் சொன்னேன். தீவுக்கு வந்த நாளிலிருந்து கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவளுக்காகப் பேசுகிறவள் நான்தான்.

அம்மா அன்று சமைக்கவில்லை. "மறுபடி அந்த வீட்டுக்கா," என்று மட்டும் ஒருதடவை சொன்னாள். பெரியப்பா வீட்டைத்தான் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்று வயசுப் பிள்ளை, மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப்போய் வரும். ஈரத்தில் வைத்திருக்கக்கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்த போட் கிளார்க் ஒருவர் அப்பாவிடம் ஒரு வழி சொன்னார். 'அவுட் ஆஃப் டர்ன்' என்று தனியாக ஒரு லிஸ்ட் இருக்கிறது, ரொம்பக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு வரிசைக்குக் காத்திராமல் வீடு கொடுப்பார்கள், மனு போட்டால் ஒரு ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். மனுவையும் அவரே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பா பேச்சைச் சேமித்து வைக்கிறவர். கார் நிக்கோபாருக்குக் கிளம்புகிற காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஆபீஸ்லேருந்து ஆளு வருவாக. வந்து பாத்தாத்தான் வீடு. நல்லபடியாப் பேசி அனுப்பு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் போன மூன்றாம் நாள் ஆபீஸ் பியூன் வந்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழன், ஆனால் ஆபீசரைத் தீவுப் பழக்கத்தில் 'சாப்' என்றுதான் சொல்வான்.

"நாளைக்குக் காலைல சாப் வர்றாரு. வீட்ல ஆள் இருக்கணும்."

"அவுக போட்டுல போயிருக்காகளே," என்றாள் அம்மா.

"ஏம்மா, சாப் உங்க வீட்டுக்காரரையா பாக்க வர்றாரு? வீட்டைப் பாக்க வர்றாரு. வீடு எதுவும் போட்டுல போயிடலியே?"

அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். அம்மாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் வந்து பார்ப்பார், பிடித்தால் உண்டு, பிடிக்காவிட்டால் இல்லை என்பதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சங்கதிதான். "பொண்ணு பாக்க வர்ற மாதிரியில்ல சொல்றான்," என்றாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்கு அத்தை இருந்தாள். விசாகப்பட்டினத்துக்காரி. எந்த மொழியில் தொடங்கினாலும் ஹிந்தியில் முடிப்பாள். அவளிடம் அம்மா போய்க் கேட்டாள்.

"அவுனு அக்கா, அதே மாதிரிதான். சாப் லோக் சஃபாய் பாப்பாங்க, சுத்தம் பாப்பாங்க. புது சிமெண்ட் வீடு யாருக்குக் குடுப்பாங்க? கந்தலா இருக்கறவனுக்கா? அவன் சுவருல சுண்ணாம்பு தடவி வெச்சிடுவான். நீ கவலைப்படாத, நான் இருக்கேன் நா."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைதோறும் டீச்சர் நகமும் தலையும் பார்ப்பார். சுத்தமாக இருப்பவர்களுக்கு முதல் பெஞ்சு. அழுக்காக இருப்பவர்கள் பாவம் என்று யாரையும் முதல் பெஞ்சில் உட்காரவைத்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சரிவில் இருந்த அத்தனை வீடும் எங்களுக்காக வேலை செய்தது. தெலுங்கு அத்தை இரண்டு மடக்கு நாற்காலி கொண்டுவந்தாள். மேலே இருந்த பெங்காலி அம்மா, தன் பெட்டியிலிருந்து பூப்போட்ட படுக்கை விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பாசி பிடித்த பலகை தெரியாமல் ஆணி அடித்து மாட்டினோம். யாரோ கண்ணாடி கொடுத்தார்கள். யாரோ எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்குப் பயம் வேறு. அரசாங்க ஆள் வந்து கொட்டகையில் குடும்பம் இருப்பதைப் பார்த்தால் என்ன ஆகுமோ என்று, கேட்காமலே மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய் எங்கோ கட்டினார். சாணியை அவரே வாரினார். தன் வீட்டு முன் வராந்தாவையும் திறந்துவிட்டு, "பேட்டி, சாபை இங்கேயே உட்காரவை," என்றார். ஒழுகலுக்கு வைக்கும் பாத்திரங்களை அடுக்கி, சாக்குக்குப் பின்னால் மாடு நின்ற இடத்தில் ஒளித்தோம்.

கடைசியாகத் தம்பி மிச்சம் இருந்தான். அவன் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். குவார்ட்டர்ஸ் லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் குடும்பம் இருப்பதால், நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு வீடு தரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. காலையில் அவனுக்குக் கஷாயம் கொடுத்து, போர்த்தி, தெலுங்கு அத்தை தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் சீட்டை அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, பண்டிகைக்கு எடுத்த பாவாடையைக் கட்டிவிட்டாள். ரவா கேசரி கிண்டினாள்.

ஆபீசர் பத்து மணிக்கு வந்தார். கொஞ்சம் வயதானவர், குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு, மேட்டில் மூச்சு வாங்க ஏறினார். அன்று மழை இல்லை. வாரக்கணக்கில் பெய்துவிட்டு அன்றைக்கென்று வெயில் அடித்தது, தகரம் வெள்ளியாக மின்னியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வராந்தாவில் ஏறினார். எங்கள் வாசலில் அப்படிச் செய்த முதல் அரசாங்க ஆள் அவர்தான்.

ஹிந்தியில்தான் பேசினார். அம்மா வராந்தாக் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் நடுவில் நின்றேன்.

எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்றேன். தம்பி எங்கே என்றார். விளையாடப் போயிருக்கிறான் என்றேன். எழுந்து போய் அறையைப் பார்த்தார். படுக்கை விரிப்பை, கண்ணாடியை, மெழுகிய தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரை காய்ந்திருந்தது. வந்து உட்கார்ந்து, இந்த வராந்தாவும் உங்களுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

என்ன படிக்கிறாய் என்றார். சொன்னேன். "ஷாபாஷ். இவ்வளவு நல்ல ஹிந்தி பேசுகிறாயே," என்று தலையில் கை வைத்தார். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத பெரிய மனிதர் ஒருவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. காது சுட்டது.

பிறகு அவர் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, "கோயி தக்லீஃப்?" என்று கேட்டார். ஏதாவது கஷ்டம் உண்டா என்று.

அம்மா என்னைப் பார்த்தாள். "என்ன கேக்குறாரு?"

"கஷ்டம் இருக்கான்னு கேக்குறாரு."

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாரே, அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தைரியம் வந்ததோ என்னவோ. கதவைவிட்டு ஒரு அடி வெளியே வந்து, அவரைப் பார்த்தே தமிழில் பேசத் தொடங்கினாள்.

"ஐயா, இது எங்க வராந்தா இல்ல. அந்தப் பக்கம் மாடு கட்டுற எடம். மழ பேஞ்சா ஒழுகுது, புள்ளயத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். சின்னவனுக்கு நெஞ்சுச் சளி, மூச்சு இழுக்குது. தையில இதையும் காலி பண்ணச் சொல்லிட்டாக. ஊருக்குப் போனா எங்களுக்கு அங்க வீடு இல்ல ஐயா, வேலக்காரியாத்தான் இருக்கணும். சொல்லு தாயி. அப்படியே சொல்லு."

ஆபீசர் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் தூக்கி வந்த நாற்காலியும், மாட்டிய விரிப்பும், ஒளித்த பாத்திரமும் எல்லாம் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் ஏற்கனவே வராந்தா எங்களுடையது என்று சொல்லிவிட்டேன். தம்பி விளையாடுகிறான் என்று சொல்லிவிட்டேன். இப்போது மாட்டுக் கொட்டகை என்று சொன்னால், என் தலையிலிருந்து எடுத்த கையை அந்த மனிதர் வேட்டியில் துடைத்துக்கொள்வார் என்று தோன்றியது. அவர் பேண்ட் போட்டிருந்தார். ஆனால் அப்படித்தான் தோன்றியது.

"அம்மா கெஹ்தி ஹை, சப் டீக் ஹை," என்றேன். அம்மா எல்லாம் சௌகரியம் என்கிறார்.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏன் அழுகிறார் என்று கேட்டார்.

அப்பா போட்டில் போயிருக்கிறார், அதனால் என்றேன்.

அவர் புரிந்ததுபோலத் தலையசைத்தார். கடல் உத்தியோகம் அப்படித்தான், சீக்கிரம் வந்துவிடுவார் என்று சொல்லச் சொன்னார். நான் அம்மாவிடம், "சீக்கிரம் ஏற்பாடு பண்றேன்னு சொல்றாரு," என்றேன். அம்மா கைகூப்பினாள். அவரும் கைகூப்பினார். கேசரியில் இரண்டு வாய் சாப்பிட்டார். வீட்டில் எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டு, தாளின் அடியில் ஒரு இடத்தைக் காட்டினார். நான் என் பெயரை ஹிந்தியில், மேல்கோடு கோணாமல் எழுதினேன்.

அவர் தலை மறைந்ததும் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எல்லாத்தையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"மாடு கட்டுறத?"

"ம்."

"தம்பிக்கு இழுக்குறத?"

"அதையும் சொன்னேன்."

மீதி கேசரி முழுவதையும் அவள் எனக்கே கொடுத்தாள். சாயங்காலம் மழை வந்தது. விரிப்பைக் கழற்றி மடிப்பதற்குள் பாதி நனைந்துவிட்டது. பெங்காலி அம்மாவிடம் ஈரத்தோடுதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். வீடு கிடைத்தால் இனிப்பு கொண்டுவர வேண்டும் என்று அவள் சைகையில் சொன்னாள்.

அப்பா போட் திரும்பியதும் வழக்கம்போல என்னை அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். ஆபீசரிடம் தான் சொன்னதையெல்லாம் அம்மா அவரிடம் சொல்லியிருந்தாள். போகிற வழியெல்லாம், சிமெண்ட் தரை என்றால் தம்பிக்குப் பாய்க்குக் கீழே இன்னொரு சாக்கு போட்டால் போதும் என்று பேசிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே போனார். அவுட் ஆஃப் டர்னுக்குப் புது லிஸ்ட் ஒட்டியிருந்தது. நான் மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினேன். அதில் எங்கள் பெயர் இல்லை. பக்கத்துப் பழைய லிஸ்டில் முப்பத்தொன்பது என்று இருந்தது.

பக்கத்தில் ஒரு ஜன்னல். உள்ளே கிளார்க் ஒரு தாளை எடுத்து அப்பாவுக்குக் காட்டி ஏதோ சொன்னார். தாளின் அடியில் விரலை வைத்தார். அப்பா குனிந்து பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் எங்காவது ஓடிவிட்டேனா என்று பார்க்கிறார் என்று நினைத்து, இங்கேதான் இருக்கிறேன் என்று கையை ஆட்டினேன். அவர் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், "வசதியா இருக்குறதா எழுதியிருக்காக. தள்ளிட்டாக," என்றார்.

அம்மா முதலில் கேட்டது, "எந்த வீட்டை?" என்று.

"இந்த வீட்டைத்தான். சேரு, தட்டு, வராந்தா. ஏன்டி, கஷ்டம்னு மனு போட்டுட்டுச் சேரு போட்டு வச்சா?"

"வந்த மனுசர மாட்டு மூத்திரத்துலயா உக்காரச் சொல்லுவாக? கஷ்டம்னுதான் மனுன்னு நீங்க எனக்கு வாயைத் தொறந்து சொன்னிகளா?" என்றாள் அம்மா. அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒருதடவைதான். "அப்படியும் நான் மறைக்கல. நின்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். இந்தப் புள்ளதான் எடுத்துச் சொல்லுச்சு. கேளுங்க அதை. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்," என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தம்பிக்குப் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்தார்.

"சொல்லியிருக்கும்," என்றார். "அது சொல்லியிருக்கும். அவுகதான் எழுதல."

அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்தது. அம்மா அன்று முதல் அந்த ஆபீசரைத் திட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அந்த மனிதரை, அவர் பிள்ளைகுட்டி நல்லாயிருக்காது என்று திட்டினாள். ஊருக்குப் போன பிறகும், எனக்குக் கல்யாணமான பிறகும், அவள் கண் மூடுகிற வருஷம்கூட, மழை பெய்தால் ஒருதடவை அவரைத் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். தம்பி தேறினான், ஆனால் அந்த நெஞ்சு அவனுக்கு அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் மாடி ஏறினால் பாதியில் நிற்பான்.

மனுவைத் திரும்பப் போட அப்பா முயன்றார். ஒருதடவை பார்த்த வீட்டை அந்த வருஷம் மறுபடி பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். தை பிறப்பதற்கு முன்னால் வேறு அறை தேடினார். இரண்டு குழந்தை, அதில் ஒன்று இருமுகிறது என்று தெரிந்ததும் யாரும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் சங்கடப்பட்டுக்கொண்டு பத்து நாள் தவணை கொடுத்தார், அதற்குமேல் அவராலும் முடியவில்லை. மெட்ராஸ் கப்பலுக்கு மூன்று டிக்கெட் எடுத்தார் அப்பா. நாங்கள் கிளம்புவதால் குடும்ப லிஸ்டிலிருந்து பெயரை எடுக்க ஒரு தாளில் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு என்னை அழைத்துக்கொண்டு போகவில்லை.

அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தேனே, அந்த ஆபீசர் எழுதிய தாளின் அடியில் கிளார்க்கின் விரல் இருந்த இடம் என் கையெழுத்து இருந்த இடம் என்பது, வெகு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பட்டது. அப்பா காலமாகி அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அப்பா டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். நான் கயிற்றின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டேன், முடிச்சு நழுவாமல் இருக்க. அம்மா உள்ளே பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முடிச்சைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அங்க போயி ஹிந்திய மறந்துறாத தாயி. மறுபடி வரும்போது அம்மாவுக்கு நீதான் பேசணும்."

சரி என்றேன். இவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நாளைக்குக் கப்பல் ஏறிவிட்டால் இனி தெரியவும் தெரியாது என்று எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை நாலு மணிக்கு அப்பாவின் போட் மாயாபந்தருக்குக் கிளம்பியது. எங்கள் கப்பல் பதினோரு மணிக்கு.